பெயரிடும் உரிமையும் விவரிக்கும் கடமையும்: திருகோணமலையின் இறைச்சியிலையான்களை முன்வைத்து

திருகோணமலைத் துறைமுகம் யாருக்கு உரியது என்னும் வினா ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக அதன் கோட்டையைக் கைப்பற்றினர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்தன. 1957இல் ஆங்கிலக் கடற்படை வெளியேறிய பின்னரும் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் பற்றிய பேச்சு ஓயவில்லை. மண்ணுக்கும் நீருக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் உரிமை கோரிப் பேசுவோர் பலர் உளர். அத்துறைமுகக் கரையில் வாழும் உயிர்களை ஆராய்ந்து, விவரித்து, பெயரிட்டு உலகுக்கு அறிவிக்கும் உரிமை யாருடையது என்று கேட்போர் மிகச் சிலரே. அவ்வுயிர்களுள்ளும் கருவாட்டு வாடியில் மொய்க்கும் இலையான் ஒன்றைக் குறித்து இவ்வினாவை எழுப்பினால் நகைப்பே விடையாகக் கிடைக்கும். அந்நகைப்பு எத்துணை பொருளற்றது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈழத்தில் இலையான் என்றும் தமிழகத்தில் ஈ என்றும் வழங்கப்படும் பூச்சிகளுள் சாக்கோபாகிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை இறைச்சியிலையான்கள் எனப்படும். உலகெங்குமாக ஏறத்தாழ 3000 இனங்கள் இக்குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. இவற்றின் பெண் பூச்சிகள் பெரும்பாலும் முட்டையிடுவதில்லை. முட்டை தாயின் உடலினுள்ளேயே பொரித்துவிட, உயிருள்ள குடம்பிகளையே அது இறைச்சியின் மீதோ மீனின் மீதோ புண்ணின் மீதோ இடுகின்றது. எனினும் இக்குடும்பம் முழுவதும் அழுகலை நாடுவது என எண்ணுதல் தவறு. வெட்டுக்கிளியின் உடலினுள் வளர்ந்து அதனைக் கொல்லும் இனங்கள் உள. நத்தையை உண்டு வளர்வன உள. மண்ணில் வளை தோண்டும் குளவி தன் பிள்ளைக்குச் சேமித்த உணவைக் களவாடி வாழ்வனவும் உள. இத்துணை வேறுபட்ட வாழ்க்கையை உடைய பூச்சிகள் புறத்தோற்றத்திற் பெரிதும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. இவ்வொற்றுமையே இக்குடும்பத்தின் அறிவியல் வரலாற்றை நிருணயித்தது எனலாம்.

திருகோணமலையின் இலையான்கள் அறிவியல் உலகிற் புகுந்த கதை பீரங்கிப் படையோடு தொடர்புடையது. யோன் வில்லியம் யேர்பரி என்னும் ஆங்கிலேயர் அரச பீரங்கிப் படையின் அதிகாரியாக இருந்தவர். ஏடனிலும் பின்னர் இலங்கையிலும் பணிபுரிந்த அவர், 1890ஆம் ஆண்டுக்கும் 1892ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் திருகோணமலையில் இலையான்களையும் குளவிகளையும் பெருந்தொகையாகச் சேகரித்தார். அவை இலண்டன் சென்றன. அங்கிருந்த அறிஞர்கள் அவற்றுட் பலவற்றைப் புதிய இனங்களாக விவரித்தனர். அதன் பயனாகப் ‘பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள்’ என்னும் நூல்வரிசையின் பூச்சித் தொகுதிகளைப் புரட்டுவோர், திருகோணமலை என்னும் ஊர்ப்பெயரும் யேர்பரி என்னும் ஆட்பெயரும் அடுத்தடுத்து நிற்பதை மீண்டும் மீண்டும் காண்பர். கடலைக் காக்க அமர்த்தப்பட்ட அதிகாரி ஒருவர் ஓய்வு வேளையிற் செய்த வேலை, நூறாண்டுக்கு மேலாக அவ்வூரின் பூச்சிகள் பற்றிய அறிவுக்கு அடிப்படையாக நிற்கின்றது. அவருக்குப் பின் அவ்வூரிற் பிறந்தோர், கற்றோர், கற்பித்தோர் எண்ணிறந்தவர். அவர்களுள் வலையும் குண்டூசியும் ஏந்தியவர் எத்தனை பேர் என்பதே இங்கு எழும் கேள்வியாகும்.

புதிய இனமொன்றை விவரித்தல் என்பதன் பொருளை விளங்கிக்கொள்ளாது இவ்விடயத்தை மேலும் ஆராய்தல் இயலாது. விவரிப்பவர் தாம் கண்ட உடல்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனையே அப்பெயருக்கு நிலையான சான்றாக அறிவிக்கின்றார். அது மூலமாதிரி எனப்படும். அப்பெயர் எதனைக் குறிக்கின்றது என்னும் ஐயம் எக்காலத்தில் எழுந்தாலும் அவ்வுடலே இறுதித் தீர்ப்புக் கூறும். சொல் மாறலாம், படம் பிழையாகலாம், மூலமாதிரி மாறாது. ஆகவே அது எந்த நகரத்தின் பெட்டியில் உள்ளதோ அந்நகரமே அவ்வினத்தைப் பற்றிய நீதிமன்றமாகின்றது. திருகோணமலையில் பிடிபட்ட பூச்சியைப் பற்றிய வழக்கை இலண்டனிற் சென்று தீர்த்துக்கொள்ள வேண்டிய நிலை இவ்வாறே ஏற்பட்டது.

இறைச்சியிலையான்களைப் பொறுத்தவரை இந்நிலை ஏனைய பூச்சிகளிலும் கடுமையானது. சாம்பல் நிறம், முதுகில் மூன்று கரிய வரிகள், வயிற்றிற் சதுரங்கப் பலகை போன்ற கோலம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டினர் எழுதிய விவரணம் நூற்றுக்கணக்கான இனங்களுக்குப் பொருந்தும். பிரான்சிஸ் வோக்கர் போன்றோர் இலங்கைப் பூச்சிகளுக்குச் சில வரிகளில் இலத்தீன் விவரணம் எழுதி, ‘சிலோன்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் இடப்பெயராகக் குறித்தனர். ஒரே பூச்சிக்குப் பல பெயரும் பல பூச்சிகளுக்கு ஒரே பெயரும் வழங்கிய குழப்பம் இவ்வாறு உண்டாயிற்று. 1896இல் பிரான்சின் பண்டெல்லேயும் 1912இலும் அதனை அடுத்தும் யேர்மனியரான பெற்சரும் ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைக் கொண்டே இவ்வினங்களைத் திட்டமாகப் பிரித்தறிய முடியும் என்பதை நிலைநாட்டினர். எனினும் பழைய பெயர்கள் அழியவில்லை. ஆசிய நாடுகளிற் பரவலாகக் காணப்படும் இனமொன்றுக்கு 1830இல் ‘பெரிகிறினா’ என்று பெயரிடப்பட்டது. அதே இனத்தை 1912இல் பெற்சர் புதியதெனக் கருதி ‘பஸ்கிகோடா’ என்று மீண்டும் பெயரிட்டார். மூலமாதிரிகளையும் உண்மையான மாதிரிகளையும் ஒப்புநோக்கிய பின்னரே இரண்டும் ஒன்று என்பது தெளிந்தது. இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. இக்குடும்பத்தில் கவனமற்ற விவரணம் பின்வந்தோர் அனைவர்மீதும் சுமத்தப்பட்ட கடனாகும்.

இக்கடனைத் தீர்க்க முயன்றோருள் இலங்கையில் வாழ்ந்த ஒருவரும் இருந்தார். மாத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் வசித்த உரொனால்ட் சீனியர்-வைற், பின்னர் இந்தியப் புகையிரதக் கம்பனியொன்றில் மலேரியாத் தடுப்புப் பணியில் ஈடுபட்டவர். கீழைத்தேய இறைச்சியிலையான்களை மீளாய்வு செய்து அவர் எழுதிய நெடிய கட்டுரை 1924இல் கல்கத்தாவின் இந்திய நூதனசாலைப் பதிவேட்டில் வெளிவந்தது. 1937இல் உருசிய அறிஞர் உரோடென்டோர்வ் ஒரு பூச்சித் தொகுதிக்கு ‘சீனியர்வைற்றியா’ என்று பெயரிட்டு அவரைச் சிறப்பித்தார். அதே காலத்தில் இந்திய இலையான்களைப் பற்றிப் பெருநூல்கள் எழுதிய புருனெற்றி என்பவர் தொழிலால் இசைக்கலைஞர். பீரங்கி அதிகாரி, தோட்டவாசி, இசைக்கலைஞர் என இம்மூவரையும் ஒருசேர நோக்குமிடத்து, விலையுயர்ந்த கருவிகளும் பெரிய ஆய்வுகூடமும் இல்லாமையே இந்நாட்டாரின் ஈடுபாடின்மைக்குக் காரணம் என்னும் வாதம் நொருங்கிப் போகின்றது. அவர்களிடம் இருந்தவை வலையும் உருப்பெருக்கியும் பொறுமையும், முடிவுகளை வெளியிட ஓர் ஏடும், மாதிரிகளைப் பேண ஒரு நிறுவனமுமே. ஆட்சியதிகாரம் அவர்களுக்குத் துணைநின்றது உண்மை. ஆயின் இலையானின் வாற்புறத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பலமணி நேரம் வரைந்து தந்தது ஆட்சியதிகாரம் என்று சொல்லிவிட முடியாது.

சுதந்திரத்தின் பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு இலங்கை முழுவதும் பயணஞ் செய்து பூச்சிகளைச் சேகரித்தது. 1970களில் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனம் கார்ல் குரொம்பைன் என்பாரின் தலைமையில் இலங்கைப் பூச்சிகள் பற்றிய பெருந்திட்டம் ஒன்றை நடத்தியது. அத்திட்டத்தின் சேகரிப்பிடங்களுள் சீனன்குடாவும் ஒன்று. இவ்விரு முயற்சிகளாலும் எழுந்த கட்டுரைகள் மதிப்பிற்குரியவை. அவை இல்லையேல் இத்தீவின் பூச்சிகள் பற்றிய அறிவு மிகவும் சுருங்கியிருக்கும். ஆயினும் திட்டத்தை வகுத்தவரும் மாதிரியை ஆராய்ந்தவரும் பெயரிட்டவரும் பெரும்பாலும் பிறநாட்டவராகவே இருந்தனர்.

கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்தின் நிலையும் இதுவே. காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த சூசைநாதன், பூச்சிகளைச் சேகரித்து உலகின் பல நாட்டு நூதனசாலைகளுக்கும் அறிஞர்களுக்கும் அனுப்புவதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய மேனாட்டு அறிஞர் அவர் அனுப்பிய மாதிரிகளை நாடாதிருந்தது அரிது. ‘நாதனி’ என்னும் சிறப்புப் பெயரைத் தாங்கிய பூச்சியினங்கள் பல. அவற்றுள் ஓர் இறைச்சியிலையானும் உண்டு. பிறேசில் நாட்டு அறிஞர் லோப்பசு 1961இல் அதனை ‘பெற்செரிஸ்கா நாதனி’ என விவரித்து இரியோ டி சனைரோவில் வெளியிட்டார். காரைக்காற் சிற்றூரிலிருந்து ஒருவர் செய்த உழைப்பை உலகம் மதித்தது பெருமைக்குரியதே. ஆயினும் தமிழர் ஒருவரின் பெயர் பூச்சிக்குச் சூட்டப்பட்டது என்று மகிழ்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெயர் சூட்டப்படுதல் வேறு. பெயர் சூட்டுதல் வேறு. முன்னையது பிறர் காட்டும் நன்றி. பின்னையது ஒருவன் தானே ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு.

இச்செய்திகளைக் கேட்டவுடன் ‘எல்லாம் கொள்ளை போயிற்று’ என்று முழங்குவோர் ஒரு சாரார். மூலமாதிரிகள் அனைத்தையும் திருப்பித் தரவேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. பேரரசுகள் தாம் ஆண்ட நாடுகளின் செல்வத்தையும் சிற்பத்தையும் அள்ளிச் சென்றமை வரலாறு. மாதிரிகளின் படங்களையும் குறிப்புகளையும் அவை பிடிபட்ட நாட்டின் ஆய்வாளர்க்கு எளிதிற் கிடைக்கச் செய்தல் அந்நூதனசாலைகளின் கடமை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இறைச்சியிலையான் கோயிற் சிலை அன்று. சிலை சென்றால் பீடம் வெறுமையாகும். யேர்பரி பிடித்துச் சென்ற பூச்சியின் சந்ததியோ துறைமுகக் கரையில் இன்றும் பறந்து திரியக்கூடியது. அதனைப் பிடிக்கவும் அறுத்துப் பார்க்கவும் வரையவும் யாருடைய அனுமதிக்காக 1948இலிருந்து காத்திருக்கின்றனர்? 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரும் அதன் தடைகளும் துறைமுகச் சூழலில் வலையோடு நடப்பதையே ஐயத்துக்குரிய செயலாக்கின என்பதை மறுத்தல் தகாது. அதற்கு முன்னிருந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் பின்வந்த ஆண்டுகளுக்கும் அக்காரணம் பொருந்துமா என்பதை முழங்குவோரே கூறவேண்டும். உழைப்பைத் துணையாகக் கொள்ளாத முறைப்பாடு உரிமை ஆகாது.

மற்றொரு சாரார் பழம்பெருமையிற் புகலிடம் தேடுவர். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்தது. நண்டையும் தும்பியையும் நான்கறிவுடையனவாக வைத்தது. ஆகவே உயிரினப் பாகுபாடு தமிழர் உலகுக்கு அளித்த கொடை என்பது அவர் வாதம். மரபியலின் பாகுபாடு சிந்தனைக்குரியது. அதன் தொன்மை வியப்புக்குரியது. ஆனால் பாகுபடுத்தும் நெறி ஒன்றைத் தொன்மையிற் பெற்றிருத்தல் கண்முன் நிற்கும் இலையானை அறிந்துகொண்டமைக்குச் சான்றாகாது. தும்பி நான்கறிவுடையது எனக் கற்ற மாணவன் தன் வீட்டு முற்றத்தில் எத்தனை வகைத் தும்பிகள் பறக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்திலன் எனின், அவன் மரபியலை மனனஞ் செய்தானேயன்றி அதன் வழிச் சென்றான் அல்லன். முன்னோர் நோக்கியதனாலேயே எழுதினர். பின்னோர் எழுதப்பட்டதைப் பாராட்டுவதோடு நின்றுவிட்டனர்.

மூன்றாம் சாரார் கேட்கும் கேள்வி கூர்மையானது. வறுமையும் வேலையின்மையும் போரின் வடுக்களும் நிறைந்த மாவட்டத்தில் இலையானுக்குப் பெயரிடுவதால் யாருக்கு என்ன பயன் என்பது அது. இதற்கு விடை கருவாட்டு வாடியிலேயே உண்டு. கொட்டியாரக்குடாவிலும் அதனைச் சூழ்ந்த கரைகளிலும் மீன்பிடித்து வாழும் குடும்பங்களுக்கு உலரும் மீனில் விழும் புழு நேரடி இழப்பாகும். பச்சையும் நீலமுமாக மினுங்கும் இலையான்கள் முட்டையிடுபவை. அம்முட்டை பொரிக்கும் முன் அதனைத் தட்டி நீக்குதற்குச் சில மணி நேர அவகாசம் உண்டு. இறைச்சியிலையானோ குடம்பியையே இடுகின்றது. அங்கு அவகாசம் என்பதே இல்லை. முன்னதற்கு ஏற்ற தடுப்புமுறை பின்னதற்குப் போதாது. எந்த இனம், எந்தப் பருவத்தில், எந்த மீனை நாடுகின்றது என்று அறியாதவர் கைக்கொள்ளும் வழி, உண்ணும் பொருளின்மீது பூச்சிகொல்லியைத் தெளிப்பதாகவே முடியும். பெயரறியாப் பகைவனை எதிர்ப்போர் எல்லோர்மீதும் அம்பு தொடுப்பர்.

இதனிலும் பாரதூரமான பயன் நீதித்துறையைச் சார்ந்தது. இறந்த உடலை முதலில் நாடிவரும் பூச்சிகளுள் இறைச்சியிலையானும் ஒன்று. குடம்பியின் வளர்ச்சியைக் கொண்டு இறப்பு நேர்ந்து எத்தனை நாளாயிற்று என்பதை மதிப்பிடுதல் பல நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட முறையாகும். வெற்றுக் கூட்டுப்புழுவுறைகள் மண்ணினுள் நெடுங்காலம் அழியாது கிடப்பதுமுண்டு. உடலொன்று புதைக்கப்படும் முன் வெளியிற் கிடந்ததா என்பதற்கு அவை சான்று கூறவல்லன. ஆனால் ஒவ்வோர் இனமும் வளரும் வேகம் வேறு. இனம் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். கணக்குப் பிழைத்தால் நீதியும் பிழைக்கும். காணாமற்போன உறவினரைத் தேடும் குடும்பங்கள் நிறைந்த மாகாணத்தில் இவ்வறிவைப் பயனற்றது எனக் கூறத் துணிவோர் அக்குடும்பங்களின் முன்னே நின்று அதனைக் கூறட்டும்.

எதிர்பாராத இடத்திற் பயன் விளைதலும் உண்டு. மேலே கூறிய ‘பெரிகிறினா’ இனத்தின் குடம்பி அழுகலிற் புரண்டும் நோயுறாதிருப்பது ஏன் என்னும் வினாவின் வழிச் சென்ற யப்பானிய அறிஞர் சுஞ்சி நதோரியும் அவர்தம் மாணவரும், காயப்படுத்திய குடம்பியின் குருதிநீரிலிருந்து பற்றீரியாக்களைக் கொல்லும் புரதப் பொருள்களை 1980களிற் பிரித்தெடுத்தனர். உயிர்களின் பரம்பரைப் பொருளிலுள்ள சிறு துண்டு ஒன்றைக் கொண்டு இனத்தை அடையாளங்காணும் முறையும் 2003 முதல் பரவியுள்ளது. அம்முறை வந்தபின் விவரணம் தேவையற்றது எனச் சிலர் எண்ணுவர். துண்டு எந்த இனத்துக்குரியது என்பதை முதலில் உறுதிசெய்து தருவது முறையாக விவரிக்கப்பட்ட மாதிரியே என்பதை அவர்கள் மறந்தனர். அகராதி இல்லாதவன் எழுத்துக்களை எண்ணிப் பயனில்லை.

இறுதியாக, இத்தகைய நுணுக்கத்தைத் தமிழில் எழுத இயலாது என்போர் உளர். இவர்கள் பெரும்பாலும் தமிழ்க் கூட்டங்களில் மொழிப்பற்றை உரக்கப் பேசுவோராகவும் இருத்தல் வியப்புக்குரியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார். அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் குடம்பி, உணர்கொம்பு, சிலிர்முள் முதலிய சொற்களை ஈழத்து வகுப்பறைகளில் நிலைபெறச் செய்தன. அச்சொற்களைக் கொண்டே இறைச்சியிலையானின் விவரணம் ஒன்று பின்வருமாறு அமையலாம்: கூட்டுக்கண் செம்மை நிறமுடையது, உணர்கொம்பின் நுனிமயிர் அடிப்பாதியில் இறகுபோற் கிளைத்தது, நெஞ்சறையின் மேற்புறம் சாம்பல் நிறத் துகள் படிந்து மூன்று கரிய நெடுவரிகளை உடையது, வயிறு கட்டங்கட்டமாகக் கருமையும் வெண்மையுமான கோலம் கொண்டது, ஒளி விழும் திசை மாறுமிடத்து அக்கோலம் இடம்மாறித் தோன்றும். இதில் விளங்காத சொல் எது? இயலாதது மொழிக்கன்று, முயலாதார்க்கே.

விலங்குகளின் பெயரிடலை ஆளும் சர்வதேச விதிக்கோவையின் நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. புதிய இனத்தின் பெயர் இலத்தீன் எழுத்தில் அமைதல் வேண்டும் என அது விதிக்கின்றது. மூலமாதிரியைத் திட்டமாகச் சுட்டுதலும் அது வைக்கப்படும் சேகரத்தைக் குறிப்பிடுதலும் கட்டாயம். விவரணத்தின் மொழியைப் பொறுத்தவரை அது கட்டளையிடவில்லை. உலக விலங்கியலாளர் பரவலாக வழங்கும் மொழிகளை நாடுதல் நன்று எனப் பரிந்துரைப்பதோடு அமைகின்றது. எனவே ஆங்கில விவரணத்தின் அருகே முழுமையான தமிழ் விவரணமும் இடம்பெறுவதற்கு எவ்விதித் தடையும் இல்லை. தடை மனத்திலேயே உள்ளது. ஆங்கிலத்தை விலக்கவேண்டும் என்பது இங்கு வாதமன்று. வாடியில் மீன் உலர்த்துபவரின் பிள்ளை தன் ஊர்ப் பூச்சியைப் பற்றித் தன் மொழியிற் படித்தறிய வழி இருத்தல் வேண்டும் என்பதே வாதம்.

மாதிரிகளை உள்நாட்டில் வைத்தால் அவை அழிந்துபோகும் என்னும் அச்சத்தையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த சமூகம் இவ்வச்சத்தை நன்கு அறியும். ஆனால் பாதுகாப்பு என்பது எந்த ஒரு நகரத்தின் தனியுடைமையும் அன்று. 1943இல் குண்டுவீச்சினால் அம்பேர்க்கு நூதனசாலையின் சேகரங்கள் அழிந்தன. 2018 செப்டெம்பரில் இரியோ டி சனைரோவின் தேசிய நூதனசாலை தீப்பற்றியபோது அதன் பூச்சிச் சேகரத்தின் பெரும்பகுதி சாம்பராயிற்று. இவற்றிலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றே. மூலமாதிரி ஓரிடத்தில் இருப்பினும், உடன்மாதிரிகள் பலவற்றைக் கொழும்பிலும் பல்கலைக்கழகங்களிலும் பிறநாட்டிலும் பகிர்ந்து வைத்தல் வேண்டும். படங்களும் அவ்வாறே பரப்பப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவையே மீளாதவை ஆயின.

செய்யவேண்டியது யாது என வினவுவோர்க்கு விடை எளியது. அதனைச் செய்தலே அரியது. வனசீவராசிகள் சட்டத்தின்படி உரிய அனுமதியைப் பெறுதல் முதற்படி. பின்னர் ஆண்டு முழுவதும், மாதந்தோறும், கரையோரத்தில் குறித்த சில இடங்களில் அழுகிய மீனை இரையாக வைத்துப் பூச்சிகளைப் பிடித்தல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று மழை பொழியும் மாதங்களிற் கிடைப்பவையும் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களிற் கிடைப்பவையும் ஒன்றாக இருக்கும் எனக் கொள்ளல் ஆகாது. ஆண் பூச்சியின் உடல் உலருமுன் அதன் வாற்புற உறுப்பை நுண்ணிய ஊசியால் வெளியே இழுத்து நிலைநிறுத்தல் வேண்டும். தேவையேற்படின் அவ்வுறுப்பைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டுத் தெளிவாக்கிக் கிளிசரினில் வைத்து வரைதல் வேண்டும். ஒவ்வொரு பூச்சியின் கீழும் இடம், திகதி, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைக் கொண்ட சிட்டை குத்தப்படல் வேண்டும். சிட்டையற்ற பூச்சி குப்பைக்குச் சமம். 2002இல் இந்திய விலங்கியல் அளவை நிறுவனம் வெளியிட்ட நந்தியின் பெருநூலோடும் முன்னைய விவரணங்களோடும் ஒப்பிட்டு, அறியப்பட்டவற்றை அறியப்பட்டவையாக முதலில் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். புதிய இனம் காணும் ஆவலில் பழைய இனத்துக்குப் புதுப்பெயர் இடுவோர் வோக்கரின் பிழையைத் தமிழர் பெயரால் மீண்டும் செய்வோராவர்.

பல்கலைக்கழகங்களின் பங்கும் இங்கு சுட்டத்தக்கது. பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்குச் சில மாதங்களே ஒதுக்கப்படுகின்றன. அம்மாதங்களிற் பிடிக்கப்படும் பூச்சிகள் ஆய்வேடு கையளிக்கப்பட்டதும் பூஞ்சணம் பிடித்து எறியப்படுமாயின், ஆண்டுதோறும் ஒரு சிறு நூலகம் எரிக்கப்படுகின்றது என்பதே பொருள். எறிபவரைக் குறை கூறிப் பயனில்லை. அவற்றை ஏற்றுப் பேணும் பெட்டியும் அறையும் பொறுப்பாளரும் இருத்தல் வேண்டும். கொழும்புத் தேசிய நூதனசாலை 1877 முதல் இயங்கி வருகின்றது. கிழக்கிலும் வடக்கிலும் அதற்குத் துணையான சேகரங்கள் வளர்தல் வேண்டும். இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிரினப் பல்வகைமைச் சட்டம், புதிதாகக் கண்ட இனத்தின் சான்று மாதிரியை அந்நாட்டில் அதற்கென நியமிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைத்தல் கடமை என விதித்துள்ளது. சட்டம் பெட்டியை நிரப்ப உதவும். பெட்டிக்குள் வைக்கப்பட்டதை ஆராய்வதற்கு மனிதர் வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை அளந்தவர் அதனை ஆண்டனர். அதன் கரையிலுள்ள பூச்சிகளை அளந்தவர் அவற்றின் பெயர்களை ஆண்டனர். முன்னைய ஆட்சி உடன்படிக்கையால் முடிந்தது. பின்னைய ஆட்சியை முடிப்பதற்கு உடன்படிக்கையோ ஆர்ப்பாட்டமோ தேவையில்லை. யேர்பரியின் சிட்டையைவிடத் திருத்தமான சிட்டை ஒன்றை எழுதி, அதனைத் தாங்கும் பூச்சியை எவரும் வந்து காணக்கூடிய பெட்டியில் வைக்கும் முதல் மாணவன் அல்லது மாணவி அதனை முடித்துவைப்பார். அதுவரை பெயரிடும் உரிமையைப் பற்றிப் பேசுவதற்கு, விவரிக்கும் கடமையைச் செய்யாதார் தகுதியுடையர் ஆகார்.